ஒரு விருந்தாளிக்கு எத்தனை நயகரா?

ரொறன்ரோவில் தமிழர் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால், அவரை நயகரா நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் திருப்பி அனுப்புவது பெரும் பாவம். கோயிலுக்குக் கூட்டிப்போகாவிட்டால் கடவுள் மன்னிப்பார். நகைக்கடைக்குக் கூட்டிப்போகாவிட்டாலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். ஆனால் ஊரில் போய் இறங்கியவுடன் அவரிடம் எல்லோரும் கேட்கப்போவது நயகராவைப் பற்றித்தான். அவர் "காணேல்லை" என்று சொன்னால் நாறுவது எங்களுடைய பெயர். ஆகவே கூட்டிக்கொண்டு போகிறோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் என்னை விசராக்குகிறது.

என் கணவரின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து கோடைக்கு எங்களிடம் வந்தபோது, இந்த வியாதி எவ்வளவு தூரம் முற்றிவிட்டது என்று கண்டேன். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். புவியியல் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டை, ஒல்லி; சமையலறைக்குள் வந்தாலும் வகுப்புக்குள் நுழைவதுபோலத்தான் வருவார். அவருக்கு முன்னால் என் கணவர், நரைத்த தலையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். விமான நிலையத்தில் எங்களைக் கண்டதும் மச்சாள் எங்கள் சுகத்தை விசாரிக்கவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எத்தனையோ வருடமாக இந்த ஊரில் சீவிக்கிறோம். எந்தக் கடையில் எந்தக் கிழமை முருங்கைக்காய் வரும் என்று தெரியும். எந்த நெடுஞ்சாலை எத்தனை மணிக்கு இறுகும் என்று தெரியும். வடக்கு தெரியாது. "வீட்டை போய்ப் பாத்துச் சொல்லுறன் அக்கா," என்றார் கணவர்.

"வீட்டுக்குள்ளை வடக்கை வைச்சுப் பூட்டியிருக்கிறியளோ?" என்றார் மச்சாள். ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன் மேசையில் இருக்கிறேன். ஒருவரின் கடைவாய்ப் பல்லையும் இன்னொருவரின் முன்பல்லையும் ஒரே காலைக்குள் அடக்கி, இருவருக்கும் கோபம் வராமல் நேரம் கொடுப்பது என் வேலை. எனவே மச்சாள் வந்த செய்தி பரவியதும், அவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் எனக்குத்தான் போன் எடுத்தார்கள். இந்தச் சனி யூனியன்வில் ஊர்ச் சொந்தம், அடுத்த ஞாயிறு கோயில்காரர், அதற்கடுத்தது மச்சாளின் கணவர் பக்கத்துச் சொந்தம். நான் கிளினிக்கில் இருக்கிறேனா வீட்டில் இருக்கிறேனா என்று எனக்கே மறந்துவிடும். ஒருநாள் யூனியன்விலுக்குத் தவறிப்போய், "வர முதல் பல்லுத் தீட்டிக்கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நாங்கள் ஊரைக் காட்டினோம். ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் மிருகக்காட்சிசாலை. அங்கே பனிக்கரடியைப் பார்த்து, "பாவம், உதுக்கு வேர்க்குது," என்று சொல்லிவிட்டு மச்சாள் நிழலில் போய் இருந்துவிட்டார். நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய கோபுரத்துக்குக் கூட்டிப்போனோம். அதன் உச்சியில் கண்ணாடித் தரை. கீழே தெருவெல்லாம் தெரியும். என் கணவர் அதன் விளிம்பில் நின்று முருகா முருகா என்றார். மச்சாள் நேரே நடுவில் போய் நின்று, ஏரிப் பக்கமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கனநேரம் பார்த்தார். "இவ்வளவு பெரிய ஏரி, ஒரு சரக்குக் கப்பலையும் காணேல்லையே," என்றார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தீவுக்குப் படகில் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டை மாதிரிக் கட்டின பழைய மாளிகை ஒன்றைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "வடிவாயிருக்கு" என்றார். வடிவாயிருக்கு என்பது மச்சாளின் அகராதியில் நூற்றுக்கு ஐம்பது புள்ளி என்று பிறகுதான் அறிந்தேன்.

பிறகு நயகரா. இடியப்பம், சம்பல், கட்லற், பிளாஸ்க்கில் தேத்தண்ணி, நான்கு பக்கமும் ஈயத்தாள் சுற்றிய றோல்ஸ் தட்டு. நயகராவுக்குப் போவதென்பது பாதி சமையல். மீதிப் பாதி, கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் வான் ஓட்டுவது. வாகனத்தில் ஏறிப் பெல்ட் போட்டால் அவருக்குத் தாலாட்டுப் பாடின மாதிரி. அங்கே போய், எல்லோருக்கும் கொடுக்கிற சிவப்புப் பொலித்தீன் அங்கியைப் போட்டுக்கொண்டு, படகில் ஏறி, நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போய் நனைந்தோம். "ஐயோ, எவ்வளவு தண்ணி!" என்றார் மச்சாள். எனக்குப் பெரிய சந்தோஷம். கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

யூனியன்விலில் கணவரின் பெரியம்மாவின் மகன் குடும்பம். அவர்கள் போன் எடுத்து, "அப்ப நாங்கள் எப்ப நயகராவுக்குக் கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்டார்கள். மச்சாள் பார்த்துவிட்டார் என்றேன். பிறகு மெதுவாக, "ஓ… அப்ப எங்களோடை வரத் தேவையில்லையாக்கும்," என்று வந்தது. அந்த "ஆக்கும்" இருக்கிறதே, அதற்குள் ஒரு குடும்பப் பிரிவினையே அடங்கியிருக்கும். மச்சாள் என் கையிலிருந்து போனை வாங்கி, "அண்டைக்கு மழை தம்பி, ஒண்டும் வடிவாய்த் தெரியேல்லை. உங்களோடைதான் ஒழுங்காப் பாக்க வேணும்," என்றார். அன்றைக்குப் பளீரென்று வெயில் எறித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்படித்தான் இரண்டாவது முறை போனார். பிறகு கோயில்காரரோடு மூன்றாவது. பிறகு மச்சாளின் கணவர் பக்கத்துச் சொந்தத்தோடு நான்காவது. ஒவ்வொரு வீட்டாரும் தாங்கள்தான் முதன்முதலாகக் காட்டுவதாக நினைத்தார்கள். அல்லது அப்படி நினைக்க மச்சாள் விட்டார். நானும் ஓட்டுநர் பதவியில் எல்லாவற்றுக்கும் போனேன். நான்காவது முறையும் அதே இடத்தில், அதே கையை நெஞ்சில் வைத்து, அதே சுருதியில், "ஐயோ, எவ்வளவு தண்ணி!" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டில் அவருடைய கட்டிலுக்குக் கீழே சிவப்புப் பொலித்தீன் அங்கிகள் மடித்து அடுக்கியிருந்தன. "மாரிக்கு ஊரிலை உதவும்," என்றார்.

ஆனால் அந்த நான்காவது பயணத்தில் ஒன்று நடந்தது. நயகராவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய பாலம் வரும். கப்பல் போகிற கால்வாய்க்கு மேலாக, நெடுஞ்சாலையையே தூக்கிக்கொண்டு போகிற உயரமான பாலம். அதில் ஏறினதும் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்க்கிறேன், மச்சாள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தூங்குகிற கணவருக்கு மேலாக எட்டி, ஜன்னலில் மூக்கு முட்ட நிற்கிறார்.

"மச்சாள்! பெல்ட்டைக் கழட்டாதேங்கோ! பொலிஸ் கண்டால் எனக்கெல்லோ ரிக்கெற்!" என்று கத்தினேன்.

"ஒரு நிமிசம். கொஞ்சம் மெதுவாப் போம்."

"இதிலை மெதுவாப் போனால் பின்னாலை வாற லொறி எங்களை நயகராவுக்குள்ளை தள்ளிப்போடும்!"

அதற்குள் பாலம் முடிந்துவிட்டது. மச்சாள் திரும்பித் தன் இருக்கையில் இருந்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு ஏமாற்றத்தை நான் அதுவரை கண்டதில்லை. கடைசிநேரத்தில் மிட்டாயைப் பறிகொடுத்த பிள்ளையின் முகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொரு முறையும் இந்தப் பாலம் வரும்போது அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். "சொல்லுங்கோ. உந்தப் பாலத்திலை என்ன கிடக்கு?"

மச்சாள் தேத்தண்ணியை இரண்டு முறை ஊதினார். பிறகு சொன்னார்.

"உது வெலன்ட் கால்வாய். ஒன்ராறியோ ஏரியிலை இருந்து மேலை இருக்கிற ஈரி ஏரிக்குக் கப்பல் போக வேணும். நடுவிலை நயகரா. நீர்வீழ்ச்சியிலை கப்பல் ஏறாது. அதுக்காண்டிப் படி படியாய்த் தொட்டி கட்டி, தண்ணியை நிரப்பி நிரப்பிக் கப்பலை மேலை ஏத்துறாங்கள். அதாலைதான் சிக்காகோவுக்கும் டுலூத்துக்கும் கடல் கப்பல் போகுது. இதை நான் எவ்வளவு காலம் படிப்பிச்சனான் தெரியுமோ? கரும்பலகையிலை படி கீறி, படியிலை கப்பல் கீறி."

"அதுக்கென்ன, நல்லாத்தானே படிப்பிச்சிருக்கிறியள்."

"ஒருநாள் ஒருத்தி எழும்பி, 'கப்பல் மலை ஏறுமெண்டால் எங்கடை மாடும் பனையிலை ஏறும் ரீச்சர்' எண்டாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிறகு கேட்டாள், 'நீங்கள் கண்டனீங்களோ ரீச்சர்?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"புத்தகத்திலை கிடக்கு, எழுது எண்டன். அவளை எழுப்பி நிக்க விட்டன்." மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொன்னால் எனக்கே அது வடிவாய் விளங்கேல்லை. மின்சாரம் இல்லாத சண்டைக் காலம். ஒரு படமும் இல்லை, புத்தகத்திலை நாலு வரி. நான் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு எனக்குள்ளை ஒரு நடுக்கம். அவள் அதைத் தொட்டுப்போட்டாள், எனக்குக் கோவம் வந்திட்டுது. மணி அடிச்சுது, நான் வெளிக்கிட்டுப் போட்டன். அவளைத் திரும்ப வாங்கிலை இருக்கச் சொல்லவே இல்லை. அடுத்த கிழமை ஊரே இடம்பெயர்ந்திட்டுது."

"அந்தப் பிள்ளை இப்ப எங்கையோ?" என்று கேட்டேன்.

"எங்கையோ என்ன. உந்த விட்பிக்காரிதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விட்பிக்காரி என்று நாங்கள் சொல்வது, விட்பி என்ற ஊரில் இருக்கும் மச்சாளின் பழைய மாணவி ஒருத்தியை. வளர்ந்த பிள்ளைகளின் தாய், நல்ல வேலை, வாய் ஓயாது. மச்சாள் வந்திருக்கிறார் என்று அறிந்த நாளிலிருந்து எனக்குப் போன் எடுத்து, கடைசி ஞாயிறைப் பிடித்து வைத்திருந்தாள். "அக்கா, என்ரை ரீச்சருக்கு நான் நயகரா காட்டாமல் விடுவனோ? படகு ரிக்கெற்றும் எடுத்தாச்சு, மட்டன் றோல்ஸுக்கும் சொல்லியாச்சு!" ஆக, ஐந்தாவது நயகரா. அடுத்த நாள் மச்சாளுக்கு விமானம்.

"அப்ப அவவிட்டையே சொல்லுவம், நயகரா வேண்டாம், கப்பல் பாப்பம் எண்டு."

மச்சாள் நிமிர்ந்தார். "அவளிட்டைப் போய், நான் உதைக் காணாமல்தான் உன்னை எழுப்பி விட்டனான் எண்டு சொல்லச் சொல்லுறீரோ? கப்பல் எண்டு வாய் திறந்தீரோ, பிறகு நான் உம்மோடை கதையன்."

"இதை வந்த அண்டைக்கே சொல்லியிருந்தால் முதல் கிழமையே காட்டியிருப்பனே!"

"ஆருக்குச் சொல்லுறது? ஆளாளுக்குத் தங்கடை தங்கடை நயகராவை வைச்சுக்கொண்டு நிக்கினம். ஆரைப் பாத்து வேண்டாம் எண்டுறது?"

நான் கப்பலைப் பற்றி விட்பிக்காரியிடம் வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறுகிற ஆள் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டேன் என்று நான் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கடைசி ஞாயிறு இரண்டு வான்களில் புறப்பட்டோம். முன்னால் விட்பிக்காரி, அவளுடைய கணவர், மகள், சாப்பாட்டுத் தட்டுகள். பின்னால் நான், மச்சாள், நித்திரையில் கணவர். பாலம் தூரத்தில் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மச்சாள் பேச்சை நிறுத்திவிட்டு, கையை மெதுவாகப் பெல்ட்டில் வைத்தார். முன் வான் பாலத்தில் ஏறியது. நான் சிக்னல் போட்டு, பாலத்துக்கு முன்னால் இருக்கும் வெளியேறும் பாதையில் இறங்கினேன்.

"எங்கை போறீர்?" என்றார் மச்சாள்.

கணவர் திடுக்கிட்டு எழும்பினார். "நயகரா வந்திட்டுதோ?"

"ஓம். உங்கடை அக்காவின்ரை நயகரா வந்திட்டுது."

கால்வாய்க்குப் பக்கத்தில் வானை நிறுத்தினேன். கப்பல் பார்க்கவென்றே ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கால்வாய்த் தொட்டி, இரண்டு பக்கமும் சீமெந்துச் சுவர், மிகத் தாழ்வில் பச்சையாகத் தண்ணீர். அடுத்த கப்பல் ஒரு மணிக்கு வரும் என்று பலகையில் போட்டிருந்தது. மச்சாள் மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை. கையை நீட்டிக் காட்டினார்.

"அது வடக்கு. ஒன்ராறியோ ஏரி அங்கை. கப்பல் அங்காலை இருந்துதான் வரும்."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு வடக்கை அவர் ஒருவரிடமும் கேட்காமல் சொன்னது அன்றைக்குத்தான்.

என் போன் அடித்தது. விட்பிக்காரி. "அக்கா, எங்கை நிக்கிறியள்? நாங்கள் பார்க்கிங்குக்குக் காசும் கட்டிப்போட்டு நிக்கிறம்!"

"நான் பாதை மாத்தி இறங்கிப்போட்டன். பாலத்துக்குக் கீழை கால்வாயடியிலை நிக்கிறம். கொஞ்சம் ஆறிப்போட்டு வாறம்."

"கால்வாயிலை என்ன கிடக்கு? கெதியா வாங்கோ, இஞ்சை படகுக்கு ஆக்கள் வரிசையிலை நிக்கினம்!"

ஒரு மணியானது. கப்பல் வரவில்லை. பலகையில் நேரத்தை மாற்றினார்கள். கணவருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற ஒன்றைப் போனில் கண்டுபிடித்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்லத் தொடங்கினார். "இப்பவும் ஏரிக்குள்ளைதான்… அசையுது… இல்லை, நிண்டிட்டுது." வாகனத்தில் தூங்குகிற மனிதர் தரையில் நிற்கும்போது இவ்வளவு சுறுசுறுப்பா என்று எனக்கே அதிசயம்.

மறுபடியும் போன். இந்த முறை விட்பிக்காரியின் குரல் உடைந்திருந்தது. "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. ரீச்சருக்கு என்னோடை வர விருப்பமில்லையாக்கும். மற்ற ஆக்களின்ரை வீட்டையெல்லாம் போனவவாம், என்னோடை எண்டால்தான் பாதை மாறுது."

அது மச்சாளின் காதிலும் விழுந்தது. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஒருமுறை வடக்குப் பக்கம் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினார். "வாரும், போவம்."

"மச்சாள், கப்பல் வரப்போகுது."

"பிள்ளை அழுகிறாள். கப்பலைப் பாத்து நான் என்ன செய்யிறது. வெளிக்கிடும்."

அவர் வானை நோக்கி நடக்கத் தொடங்கினார். நோகிற முழங்காலோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மீது கோபம் என்றுகூடத் தெரியாது. யூனியன்வில் மீது, கோயில்காரர் மீது, அந்தச் சிவப்புப் பொலித்தீன் மீது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அன்பு அன்பு என்று இந்த மனிசியை ஒரே தண்ணீரில் நாலு தரம் நனைத்திருக்கிறோம். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அதை இன்றைக்கு விட்டால் இனி இல்லை. போனை வாயருகே பிடித்துக் கத்தினேன்.

"இஞ்சை பாரும் தங்கச்சி! உம்மடை ரீச்சர் நாலு தரம் நயகரா பாத்திட்டா! நாலு தரம்! உம்மடை மனம் நோகக்கூடாதெண்டுதான் அஞ்சாம் தரமும் வெளிக்கிட்டவ! இண்டைக்கு ஒருநாள் அவ தனக்கு விருப்பமானதைப் பாக்கட்டும்!"

மறுபக்கத்தில் போன் துண்டிக்கப்பட்டது.

மச்சாள் நடப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு வகுப்பே அடங்கும். "நான் உம்மட்டை என்ன சொன்னனான்?"

"கப்பலைப் பற்றிச் சொல்லக்கூடாதெண்டனீங்கள். சொல்லேல்லை. நயகராவைப் பற்றித்தானே சொன்னனான்," என்றேன்.

மேடைக்குப் பக்கத்தில் இருந்த வாங்கில் மூவரும் போய் இருந்தோம். கணவர்கூட ஸ்கோர் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் மனதை நோகடித்துவிட்டு ஊருக்குப் போகப்போகிறேன் என்று மச்சாள் நினைப்பது முகத்தில் எழுதியிருந்தது. நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கும் விளங்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சும்மா சொல்லவில்லை.

அரை மணித்தியாலம் போயிருக்கும். விட்பிக்காரியின் வான் வந்து நின்றது. அவள் கண்ணெல்லாம் சிவந்து, கையில் ஈயத்தாள் சுற்றிய தட்டோடு இறங்கி, நேரே மச்சாளுக்கு முன்னால் வந்தாள்.

"நாலு தரமோ ரீச்சர்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப ஏன் என்னோடை வாறன் எண்டனீங்கள்?"

"நீ ஆசையாய்க் கேட்டாய்."

விட்பிக்காரி தட்டை வாங்கில் வைத்தாள். பிறகு, "எனக்கும் உந்த நயகரா அலுத்துப்போச்சு ரீச்சர்," என்றாள். "வாற ஆக்களோடை போய்ப் போய், இனி அந்தப் படகைக் கண்டாலே சத்தி வருது." மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லோருக்கும் வந்தது. விட்பிக்காரியின் கணவர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார்: பார்க்கிங் காசுதான் அநியாயம் என்றார். தட்டுகளைத் திறந்தோம். கால்வாய்க் கரையில் இடியப்பமும் சம்பலும் றோல்ஸும் இறங்கின. அவர்களுடைய மகள் மேலே கையைக் காட்டி, "அம்மா, லுக், அதுதான் நாங்க எப்பவும் போற பாலம். இதுக்கு மேலதான் போறம், ஒருநாளும் ஸ்டொப் பண்ணவே இல்ல," என்றாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பாலத்தில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நயகராவுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதில் எத்தனை வானில் இடியப்பம் போகிறதோ என்று நினைத்தேன்.

"வருது!" என்று கணவர் கத்தினார். "வருது வருது வருது!"

பாலத்துக்குக் கீழாக ஒரு கப்பல் வந்தது. நான் கப்பல் என்றால் வேகமாக வரும் என்று நினைத்திருந்தேன். இது பொறுமையாக, ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அவ்வளவு நீளம், முன்பகுதி தொட்டிக்குள் வந்து எத்தனையோ நேரத்துக்குப் பிறகுதான் பின்பகுதி வந்து சேர்ந்தது. இரண்டு பக்கச் சுவருக்கும் கப்பலுக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவு இடம்கூட இல்லைபோல இருந்தது. மேடையில் நின்ற எங்களுக்குக் கப்பலின் மேல்தளம் காலுக்குக் கீழே, பள்ளத்துக்குள் கிடந்தது. பின்னால் பெரிய இரும்புக் கதவுகள் மூடின.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன். இரைச்சல் இல்லை, ஆரவாரம் இல்லை. நயகராவில் காது அடைக்கும். இங்கே விட்பிக்காரியின் மகள் றோல் கடிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் கீழே கிடந்த கப்பல் கீழே இல்லை. முழங்காலளவுக்கு வந்தது. இடுப்பளவுக்கு வந்தது. எங்கள் கண்ணுக்கு நேரே வந்தது. ஒரு மாலுமி, கையில் கோப்பையோடு, லிப்டில் வருகிற மாதிரி எங்களுக்கு முன்னால் மெல்ல எழும்பி வந்து, "ஹலோ" என்றான். கணவர் உணர்ச்சிவசப்பட்டு, எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

"டுலூத்!" என்றான் அவன்.

"சுப்பீரியர் ஏரி. மினசோட்டா," என்று மச்சாள் தனக்குள் சொன்னார். "இரும்புத்தாது ஏத்தப் போறாங்கள்." கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவர் துடைக்கவில்லை. "நான் சரியாய்த்தான் படிப்பிச்சிருக்கிறன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரு பிழையும் இல்லை. சரியாய்த்தான் சொல்லிக் குடுத்திருக்கிறன்." எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

கப்பல் இப்போது எங்களுக்கு மேலே உயர்ந்து, இரும்புச் சுவர் மாதிரி வெயிலை மறைத்தது. விட்பிக்காரி பாதி றோலோடு கம்பிக்கு ஓடினாள். "ரீச்சர்! ஏறுது ரீச்சர்! உண்மையாவே ஏறுது!"

மச்சாள் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "பிள்ளை, நீ அண்டைக்கு வகுப்பிலை என்னைக் கேட்டனீ, நான் உதைக் கண்டனானோ எண்டு."

"நானோ?" விட்பிக்காரி வாயைப் பிளந்தாள். "எப்ப ரீச்சர்?"

"கப்பல் மலை ஏறுமெண்டால் மாடு பனையிலை ஏறும் எண்டனீ."

"சத்தியமா எனக்கு ஞாபகமில்லை ரீச்சர்."

"நான் உன்னை எழுப்பி நிக்க விட்டனான்."

"என்னை எல்லா ரீச்சர்மாரும்தானே எழுப்பி நிக்க விட்டவை!"

மச்சாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் தான் மட்டும் சுமந்துகொண்டு திரிந்ததை இந்தப் பெண் அன்றைக்கு மத்தியானமே மறந்துவிட்டாள் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முன் கதவுகள் திறந்தன. கப்பல் மேல்மட்டத்துத் தண்ணீரில் மெல்ல அசைந்து, தெற்கு நோக்கிப் போனது. மாலுமி கையைக் காட்டினான். மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டிட்டன் பிள்ளை," என்றார். "இனி நீ இரு."

விட்பிக்காரி கையில் றோலோடு போய், வாங்கின் ஓரத்தில், முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள்.